லேபியாபிளாஸ்டி, 16 மாதங்களுக்குப் பிறகு: ஆறு வாரக் கணக்கோடு என் வழக்கு

போன வாரம் இரவு பதினொன்றரைக்குத் தோழியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவளுக்கு லேபியாபிளாஸ்டிக்கு, அதாவது பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு, தேதி குறித்தாகிவிட்டது. "வலி, வீக்கம் எல்லாம் படித்துவிட்டேன். நான் கேட்பது வேறு. ஆறு வாரம் கழித்து எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?" என்று கேட்டிருந்தாள். அடுத்த நிமிடமே இன்னொன்று: "எல்லாம் என்றால் எல்லாம்தான்." பதில் எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்துகொண்டே போனது. அவளுடைய சொந்த விஷயங்களை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைத் தருகிறேன்.

சிகிச்சை என்ன, எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் இதைத் தேடி வந்தவர்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். எனக்குச் செய்தது உள்ளிதழ்களின் விளிம்பை மட்டும் நறுக்கித் தைக்கும் முறை. ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து இணைக்கும் முறை அல்ல. காரணம் பாதி உராய்வு, பாதி கண்ணாடி. சைக்கிள் ஓட்டினால் எரிகிறது என்று மருத்துவரிடம் சொன்னேன், அது உண்மை. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை, அதுவும் உண்மை.

வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு பக்கக் கையேடு ஒன்று கொடுத்தார்கள். ஐஸ் பையைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வைக்க வேண்டும், நேரடியாகத் தோலில் படக் கூடாது என்பதற்கு மட்டும் அரைப் பக்கம், படத்தோடு. உறவு பற்றிக் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே வரி: ஆறு வாரங்களுக்குப் பிறகு வழக்கமான உறவைத் தொடரலாம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'வழக்கமான' என்ற சொல்லின் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருக்கிறது.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வலித்தது, மாத்திரை போட்டேன், படுத்தே கிடந்தேன். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் தையல் இழுக்கும் என்பதால் மலம் இளக மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். நான் நான்காம் நாள்தான் கேட்டேன். ஆனால் ஒரு பொருளைப் புகழாமல் இந்த வாரத்தைக் கடக்க முடியாது: நர்ஸ் கையில் திணித்த பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள், பிழிந்தால் மெல்லிய மழைபோல் தண்ணீர் வரும். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான நீரை முன்னிருந்து பின்னாகப் பிழிந்துகொண்டே இருந்தால், சிறுநீர் நீர்த்துப்போய் புண்ணில் எரிச்சல் பாதியாகக் குறைகிறது. பிறகு துடைக்காமல் ஒற்றியெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை செலவு செய்த சிகிச்சையில் எனக்கு முழுத் திருப்தி கொடுத்தது அந்தப் பாட்டில்தான் என்று சில நாட்களில் தோன்றும்.

ஒன்பதாம் நாள் கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுதேன். இடப்பக்கம் வலப்பக்கத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது, நிறம் கத்தரிப்பூ நிறம். நர்ஸைத் தொலைபேசியில் அழைத்தேன். "இறுகிக் கல்லாக இருக்கிறதா? மணிக்கு மணி பெரிதாகிறதா? காய்ச்சல் 38 டிகிரிக்கு மேலே இருக்கிறதா? துர்நாற்றம் உண்டா? நாப்கின் நனைகிற அளவுக்கு இரத்தம் வருகிறதா?" என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. "அப்படியென்றால் கண்ணாடியை எடுத்து உள்ளே வையுங்கள். மேற்சொன்னதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் வாருங்கள்" என்றார். இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கையேட்டை எழுதியவர் யார் என்பது எனக்குப் புரியாத புதிர். வீக்கத்தின் பெரும்பகுதி ஆறு வாரத்தில் வடிந்தது. மிச்சம் மீதி முழுதாகப் போக ஆறு மாதம் ஆனது. இரண்டாம் வாரத்தில் அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, அரைகுறையாக வெந்ததை ருசி பார்ப்பதுபோல.

கையேடு வாயே திறக்காத ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். உறவு கூடாது என்றால் உறவு மட்டும்தான் கூடாது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலையில் ஏதோ கனவு. தையல் இருந்த இடம் விண்விண்ணென்று தெறிக்க விழித்துக்கொண்டேன். கிளர்ச்சி ஏற்பட்டால் அந்த இதழ்களுக்கு இரத்தம் பாய்ந்து அவை தடிக்கும். இயல்பாக நடப்பதுதான், ஆனால் தையல் இருக்கும்போது அது உள்ளிருந்து இழுப்பதற்குச் சமம். ஆகவே உடலுறவு மட்டுமல்ல, கையாலோ வாயாலோ தீண்டுவது, சுயஇன்பம், எல்லாமே அந்த ஆறு வாரத்துக்குள் அடங்கும். டம்பானும் அப்படியே, மாதவிலக்கு வந்தால் நாப்கின்தான். இதை ஒரு வாக்கியத்தில் எழுத என்ன கூச்சம்? "மற்ற வழிகள் பரவாயில்லையா?" என்று தோழியும் கேட்டிருந்தாள், அதுவும் மூன்று புள்ளிகள் வைத்து, சொல்லை முடிக்காமல்.

கனவுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஐஸ் பைதான்.

மூன்றாம் வாரம் அரிப்பு. ஆறுகிற புண் அரிக்கும் என்று தெரியும். இந்த இடத்தில் அரிக்கும்போது அலுவலகத்தில் நாற்காலியில் எப்படி உட்காருவது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. தையல் நூலின் துண்டுகள் மணல்போல் உள்ளாடையில் உதிர்ந்தன. ஒரு முடிச்சு மட்டும் போக மறுத்தது. வலப்பக்கம், கீழ்மூலையில், எறும்புத் தலை அளவு. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது இருப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தது. நகத்தால் கிள்ளியெறியக் கை பரபரத்தது. கிள்ளியிருந்தால் புண் பிரிந்திருக்கும். விட்டுவிட்டேன். 31ஆம் நாள் அது தானாக விழுந்தது. அன்று இருந்த மகிழ்ச்சி பட்டம் வாங்கிய அன்றுகூட இல்லை.

இனி ஆறாம் வாரம். மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்தார். "அழகாக ஆறியிருக்கிறது, இனித் தடையில்லை" என்றார். அன்று இரவே முயன்றோம். முயன்றோம் என்பதோடு அந்த இரவு முடிந்தது. தழும்பு இருக்கும் இடத்தில் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்; வலித்தது அங்கே அல்ல, உள்ளே. யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் எல்லாம் இறுகிக்கொண்டது. வலித்துவிடுமோ என்ற பயத்தில் யோனியைச் சுற்றியிருக்கும் இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே முறுக்கிக்கொள்கின்றன, முறுக்கிக்கொள்வதால் வலிக்கிறது, வலித்ததால் அடுத்த முறை பயம் கூடுகிறது. அன்று எனக்கு இது தெரியாது. ஏதோ கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். விளக்கைப் போட்டால் வெள்ளைத் துண்டில் மிளகளவு இரத்தக்கறை. என் கணவர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு "நான்தான், நான்தான்" என்றார். அவரைத் தேற்றுவதா, என்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மறுநாள் அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவர், வயதில் இளையவர், பார்த்தார். தழும்பின் கடைசியில் ஒரு மயிரிழை வெடிப்பு, தையல் எதுவும் பிரியவில்லை என்றார். பிறகு அவர் சொன்னது: தோலில் வெட்டிய புண்ணுக்கு மூன்றாம் வாரத்தில் பழைய வலிமையில் சுமார் 20 சதவீதம்தான் திரும்பியிருக்கும், மூன்று மாதம் ஆனாலும் 80 சதவீதம் அளவுக்குத்தான் போகும், நூறு என்பது என்றும் கிடையாது. "ஆறு வாரம் என்பது தொடங்கலாமா என்று பார்க்கச் சொல்லும் நாள். நீங்கள் ஓடி முடித்துவிடும் நாள் என்று எடுத்துக்கொண்டீர்கள்" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை அம்மா, உங்கள் தாளில் அப்படி எழுதியிருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவர் மட்டுமே எனக்குப் பதில் சொன்னவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்னபடி இன்னும் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. வெடிப்பு ஆறியதைப் பார்த்த பிறகு, தழும்பைத் தினமும் சில நிமிடம் பெட்ரோலியம் ஜெல்லி தொட்டு விரல் நுனியால் மெல்ல நீவிவிடச் சொன்னார். முதல் நாள் என் விரலே எனக்கு அந்நியமாக இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு உணர்வே இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இறகு பட்டாலும் சுரீரென்றது. நரம்பு மீண்டு வரும் வழி அப்படித்தானாம். உணர்வற்ற இடம் நான்காம் மாதத்தில் விழித்துக்கொண்டது. நீவிவிட்டதில் தழும்பு இளகியதா என்பதைவிட, அந்த இடத்தைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று என் உடம்புக்குத் தெரிந்தது பெரிய விஷயம்.

பிறகு நாங்களாக ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதல் சில இரவுகள் தீண்டலோடு சரி, உள்ளே எதுவும் இல்லை என்று முன்பே பேசி முடிவு செய்தோம். 'இன்று எதுவரை' என்ற பதற்றம் போனதும் தசைகளும் தளர்ந்தன. மூச்சை நிதானமாக, ஆழமாக இழுத்துவிட்டால் இறுக்கம் தளர்கிறது. அதைக் கவனிக்கப் பழகினேன். வேகமும் ஆழமும் என் கையில் இருக்கும் நிலையை, அதாவது நான் மேலே இருப்பதை, தேர்ந்தெடுத்தோம். நீர் அடிப்படையிலான ஜெல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினோம். இங்கே கஞ்சத்தனம் கூடாது. ஒன்று கவனிக்க வேண்டும்: நீவிவிடப் பயன்படுத்தும் பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும். அது வேறு, இது வேறு. ஆறு வாரம் ஒதுங்கியிருந்த பிறகு கருத்தடை என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும், மறந்துவிடாதீர்கள்.

'போதும்' என்று நான் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவரே "போதுமா?" என்று கேட்டார், எனக்கு ஒன்றும் ஆகாதபோதே. எனக்குப் பயம் பத்தாம் வாரத்தில் போய்விட்டது. அவருக்கு ஐந்தாம் மாதம் வரை இருந்தது. தையல் போட்டது அவருக்குத்தான் என்று வெளியே யாராவது நினைத்திருப்பார்கள்.

நியாயமாகவும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கத்தி பிடித்த கை நல்ல கை. தழும்பு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. போன மாதம் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட்டு வீடு திரும்பிக் குளிக்கும்போதுதான் எரிச்சல் என்ற ஒன்றை நினைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. உறவிலும் இன்று குறை ஒன்றுமில்லை. முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். அதற்குக் காரணம் வெட்டியெடுத்த தோலா, வேறு வழியின்றி நாங்கள் இருவரும் வாய்திறந்து பேசப் பழகியதா என்று கேட்டால், இரண்டாவது பக்கம்தான் தராசு சாய்கிறது.

கோபம் மட்டும் தீரவில்லை. பரிசோதனைக்குப் போன இடத்தில், கூடவே 'இறுக்கம் தரும்' லேசர் சிகிச்சையும் செய்துகொள்ளலாமே என்று வண்ணத் தாள் ஒன்றை நீட்டினார்கள். இத்தகைய கருவிகளை 'யோனிப் புத்துயிர்ப்பு' என்ற பெயரில் விற்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையிலேயே எச்சரித்துவிட்டது. தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி என்று ஆபத்துகளையும் பட்டியலிட்டிருந்தது. வலியோடு வந்தவளிடம் அதையே விற்கப் பார்த்தார்கள். இன்னொன்று: 2005இல் பிரிட்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள்ளிதழ்களின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்திருக்கிறது. என்னுடையது அந்த வரம்புக்குள் சாவகாசமாக அடங்கியிருக்கும். அதைச் சிகிச்சைக்குப் பிறகுதான் படித்தேன். கண்ணாடிக்கான பாதிக் காரணம் அன்றே கரைந்தது. உராய்வுக்கான பாதி மட்டும் இருந்திருந்தால் போயிருப்பேனா? சில நாள் ஆம், சில நாள் இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு: அறுவைக்கு நான்கரை, கையேட்டுக்குப் பூஜ்யம். அப்படியானால் பரிந்துரைப்பாயா என்றால், இதுவரை எழுதிய பாராட்டையெல்லாம் மீறி, இன்று என் பதில் இல்லை. தோழியிடமும் அதையே சொன்னேன். தேதியை மூன்று மாதம் தள்ளிப்போடு, உராய்வா கண்ணாடியா என்று உனக்குள் கேட்டுக்கொள், அந்த ஒற்றை வரியை எழுதியவரிடம் 'வழக்கமான' என்றால் என்ன என்று நேரில் கேட்டுவிட்டு வா, என்னால்தான் முடியவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பதில்: "தேதியை மாற்றப் போவதில்லை. அந்தப் பாட்டில் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?"

இருக்கிறது. கொடுப்பதாக இல்லை, புதிது ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.