சுங்கை பூலோவில் வாங்கிய வெட்டிவேர் நாற்று

கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் எங்கள் வீட்டுப் பின்வேலியை ஒட்டி ஒரு சிற்றோடை. சாயங்கால மழை அடித்துப் பெய்தால் கரையில் ஒரு துண்டு சரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் இருக்கும் அக்கா மகன் "வில்லோ குச்சி ஊன்றுங்க மாமா" என்றான். அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது, கட்டைவிரல் தடிமனில் கிளையை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி கரையில் அடிப்பார்களாம். நம் முருங்கைப் போத்து மாதிரிதான், தானே வேர் பிடித்துக்கொள்ளும்.

சுங்கை பூலோ நர்சரி வரிசையில் ஒரு கடையில் கேட்டேன். "அது குளிர் ஊர் மரம்ணே, இங்க கரைக்கு வெட்டிவேர்தான்" என்றார் வேலை செய்யும் தம்பி. நல்ல யோசனை. வேர் பக்கவாட்டில் படராமல் 3 மீட்டர் வரைகூட நேராகக் கீழே இறங்கும். சில நாள் வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1990களின் தொடக்கத்திலேயே இதை நட்டுப் பார்த்திருக்கிறது.

நாற்று திடமாக இருந்தது, பையின் அடியில் வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஆனால் வீட்டில் இறக்கிப் பார்த்தால் நடுநடுவே செராய், அதாவது எலுமிச்சைப் புல்! தூரத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இலையைக் கசக்கிப் பாருங்கள்: எலுமிச்சை வாசம் அடித்தால் அது ரசத்துக்கு, கரைக்கு அல்ல. வெட்டிவேருக்கு மணம் வேரில்தான். மறுவாரம் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு அடி இடைவெளி விடச் சொன்னார்கள், அதைக் கேட்காதீர்கள். கரைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். நெருங்கி வேலி போல நின்றால்தான் ஓடிவரும் மண்ணைத் தடுக்கும். வெயிலும் முக்கியம். எங்கள் ரம்புத்தான் நிழலில் நட்டது இன்னும் சோனியாகவே நிற்கிறது, வெயில் படும் பக்கம் இடுப்பளவு. அந்தப் பக்கம் கரை அசையவில்லை.

5க்கு 4 கொடுப்பேன். பையில்லாமல் வேரையும் இலையையும் ஒட்ட வெட்டிக் கொத்தாகவும் தருகிறார்கள், விலை பாதிக்கும் குறைவு. மேட்டுப் பகுதிக்கு அது போதும். தண்ணீர் உரசும் வரிசைக்கு மட்டும் பை நாற்று எடுங்கள். வீட்டில் இறக்கித்தரக் கூலி தனி. காரில் ஏற்றுவதென்றால் பின்னால் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், எல்லாம் சொட்டச் சொட்டத்தான் தருவார்கள்.