இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டுத் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சோற்றில் கை வைத்திருந்த நேரம். "மேடம், ஷாப்பிங் தளத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு இல்லை. இன்றைக்குள் போடாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்" என்றான் ஒருவன். அந்தச் சரிபார்ப்பு என்பது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டு. பணிவான குரல். முந்தின வாரம் வாங்கிய குக்கரின் ஆர்டர் எண்ணையும் சொன்னான். அதில்தான் விழுந்தேன்.

என் குக்கர் வந்த அட்டைப்பெட்டி, பெயரும் ஆர்டர் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரோடு, தெருமுனைக் குப்பைத்தொட்டியருகே கிடந்ததைப் பிறகு பார்த்தேன். அங்கிருந்துதான் எடுத்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இப்போது ஸ்டிக்கரைக் கிழிக்காமல் எதையும் வெளியே போடுவதில்லை.

"இரண்டு ஓடிபி வரும், படித்துச் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." எச்சில் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்தது. முதல் ஓடிபி என் கணக்குக்குள் நுழைய, இரண்டாவது என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைச் சேர்க்க.

சொன்ன வாக்கை மட்டும் காப்பாற்றினான் பாவி! இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டான், தன் போனில் இருந்த ஆத்தென்டிகேட்டர் செயலியோடு இணைத்து. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் அவன் கையில். கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டும் என்னால் உள்ளே போக முடியவில்லை. பரிசு அட்டையாகச் சேர்த்து வைத்திருந்த 4,200 ரூபாய் அரை மணி நேரத்தில் காலி. அதைச் செலவழிக்க வங்கி ஓடிபி எதுவும் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் சேவை அதற்கு மேல். "பதிவு செய்த எண்ணுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் மேடம்" என்றார் அந்தப் பெண். அந்த எண் இப்போது திருடனுடையது அம்மா என்று மூன்று முறை சொன்னேன். "புரிகிறது மேடம். ஓடிபி இல்லாமல் தொடர முடியாது." அடையாள அட்டையும் பழைய பில்களும் அனுப்பிக் கணக்கை மீட்க ஒன்பது நாள் ஆயிற்று. பணம் வரவில்லை, ஓடிபியை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று முடித்துவிட்டார்கள்.

இவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு மறுநாள்தான் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைத்தேன். முதல் அழைப்பே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு படிச் சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் நீங்களே போடுங்கள், ஐந்து நிமிட வேலை. போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் காப்புக் குறியீடுகள் கொடுத்தால் தாளில் எழுதி வையுங்கள். என்னுடையவை பீரோவில் ரேஷன் கார்டுக்குள் இருக்கின்றன.