ஆபிரிக்க இசை இரவு: மண்டபமா, திறந்தவெளியா?

சித்திரை வெக்கையில் கொழும்பில் ஆபிரிக்க இசை கேட்கக் கிளம்புகிறீர்களா? என்ன வாத்தியம் என்று முதலில் பாருங்கள்.

கோரா என்றால் யோசிக்கவே வேண்டாம், லயனல் வென்ட் போன்ற மண்டபம்தான். பாதிச் சுரைக்குடுவையில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டி, 21 தந்திகள் பூட்டிய மேற்கு ஆபிரிக்க வாத்தியம் அது. பெருவிரல்கள் கீழ்ச்சுரங்களைப் பிடித்திருக்க, சுட்டுவிரல்கள் மேலே ஓடும். அந்த நுணுக்கம் வெளியே ஓட்டோ சத்தத்தில் கரைந்துவிடும். அது பெரிய இழப்பு.

ஜெம்பே மேளம் என்றால் விகாரமகாதேவி பூங்காவின் திறந்தவெளி அரங்கு போன்ற இடம். ஆட வேண்டிய இசைக்குக் கதிரையில் உட்கார வைப்பது அநியாயம். என்ன, ஈரக்காற்றில் ஆட்டுத்தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏசி மண்டபத்தில் அந்தத் தொல்லை குறைவு.

எனக்கு இரண்டில் பிடித்தது திறந்தவெளிதான். புத்தளம் சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் மன்ஜா என்ற தங்கள் பாட்டுகளைப் பாடுவதும் கூடிநின்று, தேங்காய்ச் சிரட்டை தட்டி, ஆடித்தான். நம் கல்யாண வீட்டு பைலாவுக்கும் அங்கே வேர் உண்டு. சரி, சித்திரையில் பின்னேரம் இடிமழை வழக்கம். வானம் கறுத்தால் மட்டும் மண்டபத்துக்கு மாறுங்கள்.