முடி கொட்டுகிறதென்று மதுரையில் ஏறி இறங்கிய இடங்கள்

இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரைப் பிடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு போனைக் கையில் எடுத்தால் பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருக்கலாம். அவர் மனது வைத்து மேலே எழுதினாலும் அப்புறம் மாதக்கணக்கில் கடிதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மதுரையில் அப்படியில்லை. சாயங்காலம் டோக்கன் போட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். விடிந்ததும் லேப் பையன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் எடுத்துப் போன ரத்தத்தின் ரிசல்ட் அன்று மாலையே வாட்ஸாப்பில் வந்துவிடுகிறது.

இந்த வேகத்தை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் தேவையில்லாத சிகிச்சையும் இதே வேகத்தில்தான் நம் தலையில் கட்டப்படுகிறது. அதுவும் பவுண்டில் சம்பாதிக்கிறவள் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது கிறிஸ்துமஸ் விடுமுறையில். அதுவரை சீப்பில் நாலு முடி வரும், சுருட்டிப் போட்டுவிட்டுப் போவேன். திடீரென்று தலை குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொள்கிறது, தலையணையில் முடி, சட்டைக் காலரில் முடி, பிசைந்த சப்பாத்தி மாவிலும் முடி. ஜி.பி. ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, மன அழுத்தமாக இருக்கலாம் என்றார். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறினேன்.

ஊரில் டாக்டருக்கு முன்னால் நம்மைப் பரிசோதிப்பது சொந்தபந்தம்தான். வாசலில் பையை இறக்குவதற்குள் பெரியம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, “என்னடி இது, எலி வால் மாதிரி இருக்கு?” என்றார். மதினி, இங்கே போர்த் தண்ணீர் உப்பு, இதில் குளித்தால் இன்னும் கொட்டும் என்று பயமுறுத்தினார். சித்தப்பா ஒரே போடாக, “பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வா, கருகருன்னு வரும்” என்று முடித்துவிட்டார். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதில் உண்மை இல்லை. கத்தி படுவது தோலுக்கு மேலே, முடியின் கணக்கு நடப்பது தோலுக்குக் கீழே. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் முளைக்கும்போது தடித்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். வேண்டுதல் என்றால் அது வேறு விஷயம்.

முதலில் போனது அண்ணன் மகள் சொன்ன ஒரு ஹேர் கிளினிக். பெயர் வேண்டாம். உள்ளே ஏ.சி., கண்ணாடிச் சுவர், வாசனை, குடிக்க கிரீன் டீ. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் பேனா மாதிரி ஒரு கேமராவை என் வகிட்டில் வைத்தார். எதிரே இருந்த திரையில் என் மண்டை மானாவாரி நிலம் போலத் தெரிந்தது. இந்தக் கேமராவில் யார் தலையைக் காட்டினாலும் பயமாகத்தான் இருக்கும். “மேம், ரூட்ஸ் எல்லாம் வீக்கா இருக்கு. இப்பவே ஸ்டார்ட் பண்ணலன்னா பெர்மனன்ட்டா போயிடும்” என்றார். நம் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுற்றவிட்டு, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, அதை மண்டையில் ஊசியாகப் போடுவார்கள். அதற்குப் பெயர் பி.ஆர்.பி. ஆறு தடவை போட 48 ஆயிரம் ரூபாய், அன்றே பணம் கட்டினால் 36 ஆயிரம். டாக்டர் எங்கே என்று கேட்டேன். ட்ரீட்மென்ட் அன்றைக்கு வருவாராம். எப்போதிலிருந்து கொட்டுகிறது, அதற்கு முன் உடம்புக்கு ஏதாவது வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். போன் நம்பரை மட்டும் கொடுத்திருந்தேன்.

அடுத்து, அண்ணா நகர் பக்கம் மாடியில் சின்னதாக இருந்த ஒரு தோல் மருத்துவரின் கிளினிக். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மாத்திரைக் கம்பெனி காலண்டர், பீஸ் 400 ரூபாய். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். டாக்டரம்மா என் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “முடி கொட்ட ஆரம்பிச்சதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சும்மா?”

அக்டோபர் தொடக்கத்தில் எனக்குக் கடுமையான ஃப்ளூ. ஒரு வாரம் 103 டிகிரிக்குக் குறையவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. சரியான பிறகு, இளைத்ததுதான் இளைத்தோம், இப்படியே இருப்போம் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தேன். இதை முடியோடு சேர்த்து எனக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தலைமுடியில் நூற்றுக்கு 85, 90 எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். உடம்புக்குப் பெரிய அடி விழும்போது, அதாவது கடுங்காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், ஏதாவது பெரிய அதிர்ச்சி இவற்றில் ஒன்று வந்தால், ஏகப்பட்ட வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்து பிறகுதான் மொத்தமாகக் கழன்று வரும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்துவிடுவோம், பழி ஷாம்புவுக்குப் போகும். இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். மழைக்காலத்தில் டெங்கு வந்தவர்கள் தை, மாசியில் இந்த நாற்காலிகளில் வந்து உட்காருவார்களாம். கோவிட் வந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதுவும் இதே கணக்குதான். பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆகும் நேரத்தில்தான் குழந்தை நன்றாகச் சிரிக்க ஆரம்பிக்கிறது. பாவம், குழந்தை சிரித்தது குற்றமில்லை.

பிறகு ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கு நடுவில் சேர்த்துப் பிடித்து, மண்டையிலிருந்து நுனி வரைக்கும் மெல்ல உருவினார். ஏழெட்டு முடி கையோடு வந்தன. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் கொட்டுதல் அதிகம் என்று அர்த்தமாம். வெள்ளைத் தாளில் ஒன்றை வைத்து, லென்ஸை என்னிடம் கொடுத்து அடி முனையைப் பார்க்கச் சொன்னார். பாதி ரவை அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறதே என்று நான் லெஸ்டரில் பயந்தது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை, ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம். வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்தே அடுத்தது முளைக்கும். மதினியின் உப்புத் தண்ணீரைப் பற்றியும் கேட்டேன். அது முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் ஒடியவைக்கும், வேரை ஒன்றும் செய்யாது என்றார். ஒடிந்து விழுந்த முடியில் அந்த வெள்ளைக் குமிழ் இருக்காது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

லேப்பில் ‘ஹேர்ஃபால் பேக்கேஜ்’ என்று அறுபது எழுபது டெஸ்ட் கொண்ட பட்டியலே வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா அதையெல்லாம் அடித்துவிட்டு ரத்த அணுக்கள், இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் டி, பி12 என்று மட்டும் எழுதினார். எழுதிவிட்டு, “முடிக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். பயோட்டின் என்ற வைட்டமின் சேர்த்த மெல்லும் மிட்டாய் சாப்பிடுகிறேன் என்றேன். அதில் உள்ள அளவு அன்றாடத் தேவையைப் போல நூறு மடங்குக்கு மேல். அதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். லேப்களில் பயன்படுத்தும் சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் குறுக்கே புகுந்து, தைராய்டு ரிசல்ட்டையே தலைகீழாக்கிவிடுமாம். டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். நெஞ்சுவலிக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டையும் இது குழப்பலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இலேயே எச்சரித்திருக்கிறது. முடி கொட்டுகிறவர்கள்தான் பயோட்டின் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குத்தான் தைராய்டு டெஸ்ட் எழுதுகிறார்கள். அப்படியிருந்தும் ரத்தம் எடுக்க வந்த பையன் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

முடி மாத்திரைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் புல்தானா மாவட்டத்துச் சில கிராமங்களில், சில நாட்களுக்குள்ளேயே தலை வழுக்கையாகிற அளவுக்குப் பலருக்கு முடி விழுந்தது நினைவிருக்கும். முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். பிறகு ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற மருத்துவர் ரேஷன் கோதுமையைச் சோதித்துப் பார்த்து, அதில் செலீனியம் என்ற தாது மிக அதிகம் என்று சொன்னார். அதே செலீனியத்தைத்தான் பல முடி மாத்திரைகளில் சத்து என்று சேர்க்கிறார்கள். உடம்புக்கு அது துளிதான் வேண்டும், அளவு மீறினால் அதுவே முடியை உதிர்த்துவிடும். இரண்டு மூன்று பாட்டில்களைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

ரிசல்ட்டில் தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின் 14. லேப் தாளில் கீழ் எல்லை 13 என்று போட்டிருந்ததால் சிவப்பு எழுத்தில் எதுவும் வரவில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புக் கிடங்கு காலியாக இருக்கலாம், அந்தக் கிடங்கின் கணக்குதான் ஃபெரிட்டின். முடிக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 40க்கு மேலாவது இருக்கட்டும் என்பது இந்த டாக்டரம்மாவின் கட்சி. காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடம்பு தேறிய பிறகு எடுப்பதுதான் சரி. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னார். அதோடு டீ, காபி ஆகாது, எலுமிச்சைச் சாறு ஆகும். மாத்திரைக்கு ஆன செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குக்கூட வராது. பி.ஆர்.பி.யைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். பரம்பரையாக வகிடு அகன்றுகொண்டே போகிறவர்கள் சிலருக்கு அதில் பலன் உண்டாம். உங்களுக்கு எப்படியும் ஆறு மாதத்தில் கொட்டுவது நின்றுவிடும், பேர் மட்டும் அவர்களுக்குப் போகும் என்றார்.

எல்லா முடி உதிர்வும் தானாகச் சரியாகிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகனுக்கு எட்டணா அகலத்துக்கு வழவழவென்று ஓரிடத்தில் முடி போய்விட்டது. புழுவெட்டு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயம் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணான பிறகுதான் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டு, சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்களாம். திட்டுத் திட்டாகப் போனாலும், மண்டை சிவந்து எரிந்தாலும், தழும்பு விழுந்தாலும் எண்ணெய் தேடி அலையாமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

சீயக்காய் அரைத்துக்கொண்டுதான் வந்தேன், மறைக்கவில்லை. கீழமாசி வீதியில் சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த செம்பருத்தி வாங்கி, வெயிலில் போட்டு, மில்லில் கொடுத்தேன். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிடாதீர்கள் என்று நின்று பார்த்து வாங்க வேண்டும். அது முடி வளர்க்கும் என்று நம்பி வாங்கவில்லை, வாசனைக்காக வாங்கினேன்.

கல்யாணத்துக்குப் பூ வைக்கத் தலையில் முடி வேண்டுமே. பியூட்டி பார்லர் பெண் ஒரு சவுரியைக் கொண்டுவந்து, என் முடியின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். “அக்கா, இழுத்துக் கட்டமாட்டேன், கிளிப்புதான், பயப்படாதீங்க” என்று அவளாகவே சொன்னாள். கொட்டுகிற நேரத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடியும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு முழம் மல்லிகை வைத்தும் தலை வலிக்கவில்லை. பெரியம்மா மறுபடி பின்னலைத் தூக்கிப் பார்த்து, “பரவாயில்லையே, அதுக்குள்ள வளந்துருச்சே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

லெஸ்டர் திரும்பியதும் மதுரை ரிப்போர்ட்டை அச்சடித்து ஜி.பி.யிடம் கொடுத்தேன். பேர், தேதி, அளவின் அலகு எல்லாம் தெளிவாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை அவரே பார்க்கிறேன் என்றார். லேப்பில் பி.டி.எஃப். கேட்டு வாங்கிவிடுங்கள், வாட்ஸாப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் இங்கே செல்லாது. இப்போது நெற்றியோரத்தில் குட்டி முடிகள் சீப்புக்கு அடங்காமல் நிற்கின்றன. அந்தக் கண்ணாடிக் கிளினிக்கிலிருந்து இன்னும் மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது. பொங்கல் ஆஃபர் முடிந்து, காதலர் தின ஆஃபர் முடிந்து, இப்போது மகளிர் தினத்துக்கு 29 ஆயிரத்தில் வந்து நிற்கிறார்கள்.