கஜாவுக்குப் பின் எந்தத் தென்னை: நெட்டையா, ஒட்டா?

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத் தோப்புகளைச் சாய்த்தது. காய் வெட்டுகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிறவர், கயிறு ஆலைக்குப் போகிறவர் என எல்லோருக்கும் வருமானம் ஒரே நாளில் நின்றது. மறுபடி கன்று வைத்தபோது முக்கால்வாசி நெட்டை, மீதி நெட்டையும் குட்டையும் கலந்த ஒட்டு என்று வைத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் நான் நெட்டை பக்கம்தான்.

ஒட்டின் சாதகம் ஊருக்கே தெரியும். நாலைந்து வருடத்தில் காய்ப்பு, காயும் கூடுதல். நெட்டை ஆறேழு வருடம் காக்க வைக்கும். கடன் வாங்கி நட்டவருக்கு இந்த இடைவெளி பெரிய விஷயம். சரி, அதில் வாதமில்லை.

என் கவலை தண்ணீர். நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டுவதற்குள் பொறுமை போய்விடும். கோடை முழுக்கப் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் தோப்பு. ஒட்டுக்கு நீரும் உரமும் தவறக் கூடாது. மோட்டார் கொஞ்ச நாள் ஓடாவிட்டாலும் குரும்பை கொட்டும். அதோடு விடாது. பாளை உருவாகிக் காய் முற்றுவதற்கு வருடக்கணக்கில் ஆவதால், இந்தக் கோடையின் அடி அடுத்தடுத்த வருட வெட்டிலும் தெரியும். நெட்டையும் வாடும், ஆனால் தாங்கும். அதிலும் அந்தமான் நெட்டையிலிருந்து தேர்வான வேப்பங்குளம் 3 ரகம் வறட்சிக்குப் பேர்போனது. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு சமயத்தில் மோட்டாரையே நம்பும் மரம் என்ன ஆகும்? ஊரே ஒட்டு வைத்து ஆளுக்கு ஆள் போரை ஆழப்படுத்தினால், அந்தச் செலவு தேங்காய் விலையில் திரும்பி வராது.

அப்புறம், ஒட்டுக் காயை விதைக்குப் போட்டால் குணம் பிரிந்துவிடும், கன்று தாய்மரம் போல வராது. அடுத்த புயலுக்கும் நாற்றங்கால் வாசலில்தான் நிற்க வேண்டும். நெட்டையில் நல்ல தாய்மரம் நாலு தப்பினால் போதும், கன்று நம் கொல்லையிலேயே.

காற்றுக்கு எது நிற்கும் என்பதில் மட்டும் அடித்துப் பேச மாட்டேன். கஜாவில் தப்பியவை பெரும்பாலும் இளமரங்கள். அது வயதாலா ரகத்தாலா என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் நெட்டையும் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கிறது. அறுபது வருடம் நிற்கும் என்று நான் சொல்வது அப்பா காலத்துத் தோப்பைப் பார்த்துத்தான்.

தண்ணீர் வற்றாத போரும் கவனிக்க ஆளும் உள்ளவர்கள் ஒட்டு வைக்கலாம். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, கூன்வண்டு மேல் ஒரு கண் இருக்கட்டும்.