ஓயே தளம்: பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட நிக்சன் வழக்கு

ராத்திரி பாத்திரம் கழுவும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. கொஞ்ச நாளாக ஓடுவது அமெரிக்க உச்ச நீதிமன்றம். சிரிக்காதீர்கள்.

ஓயே என்று ஒரு தளம், சிலர் ஓயெஸ் என்பார்கள். அந்த நீதிமன்றம் கூடும்போது மூன்று முறை கூவுகிற சொல் அது, "கேளுங்கள்" என்று அர்த்தம். (நம் ஊர் 'ஓய்'க்குச் சொந்தமோ என்று பார்த்தேன், இல்லை, பழைய பிரெஞ்சாம்.) 1955 அக்டோபரில் அங்கே வாதங்களை டேப்பில் பதிய ஆரம்பித்தார்கள், அன்றிலிருந்து சேர்ந்த ஒலிப்பதிவுகள் இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலி ஓட ஓட எழுத்தும் கூடவே நகரும், யார் பேசுகிறார் என்பதும் தெரியும். எந்த நீதிபதி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதும் அதே பக்கத்தில்.

எதில் தொடங்கலாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு 1974 ஜூலை 8. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்ததையும் அதை மூடி மறைத்ததையும் பற்றிய வாட்டர்கேட் விவகாரத்தில், வெள்ளை மாளிகையில் பதிவான டேப்புகளைத் தர மாட்டேன், ரகசியம் காப்பது அதிபரின் உரிமை என்று நிக்சன் அடம்பிடித்த வழக்கு. சுமார் மூன்று மணி நேரம். சிறப்பு வழக்கறிஞர் லியோன் ஜவோர்ஸ்கி ஓர் இடத்தில் கேட்பார்: அரசியலமைப்பை அதிபர் புரிந்துகொண்டது சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், தப்பென்றால் அதை அவரிடம் சொல்ல யார் இருக்கிறார்கள்? எழுத்தில் முன்பே படித்ததுதான், ஆனால் குரலில் கேட்டபோது குழாயை மூடிவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டினேன். ஜூலை 24-ல் தீர்ப்பு, 8-0. எழுதியவர் நிக்சனே நியமித்த தலைமை நீதிபதி வாரன் பர்கர். அந்த எட்டுப் பேரில் நிக்சன் நியமித்தவர்கள் இன்னும் இரண்டு பேர். முன்பு நிக்சன் அரசில் வேலை பார்த்த ஒன்பதாவது நீதிபதி ரெங்க்விஸ்ட் ஒதுங்கிக்கொண்டார். பதினாறாம் நாள் நிக்சன் பதவியில் இல்லை.

அப்புறம் அதே சூட்டில் 2024 ஏப்ரல் 25-க்குத் தாவுங்கள், பதவியில் இருந்தபோது செய்ததற்காக முன்னாள் அதிபர் மீது குற்ற வழக்குப் போடலாமா என்ற டிரம்ப் வழக்கு. அரசியல் எதிரியைக் கொல்லச் சொல்லி ராணுவத்துக்கு அதிபர் உத்தரவு போட்டால், அதுவும் அலுவல் சார்ந்த செயல்தானா என்று நீதிபதி சோட்டோமேயர் கேட்கிறார். அப்படி இருக்க வாய்ப்புண்டு என்று டிரம்ப் தரப்பு வழக்கறிஞர் பதறாமல் பதில் சொல்கிறார். அந்தப் பதறாத குரலைக் கேட்கவே ஒருமுறை போடலாம். ஜூலை 1-ல் 6-3 என்று, அலுவல் சார்ந்த செயல்களுக்கு அதிபர்களுக்குப் பெரிய பாதுகாப்பைக் கொடுத்தது நீதிமன்றம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுவில் ஓடிப்போன ஐம்பது வருஷம் காதில் விழும்.

கிளிண்டன் வழக்கு வேறு ரகம். பதவியில் இருக்கும்போதே அவர் மீதான சிவில் வழக்கு நடக்கலாம், அதனால் அவருக்கு அப்படியொன்றும் நேரம் போய்விடாது என்று 1997-ல் நீதிபதிகள் ஒருமனதாக நம்பினார்கள். பாவம். அந்த வழக்கில் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தில் பொய் சொன்னார் என்று பிடித்த சனி, அடுத்த ஆண்டு டிசம்பரில் பதவிநீக்கத் தீர்மானம் வரை போனது.

குறை சொல்வதென்றால், எல்லாம் ஆங்கிலம், பழைய டேப்புகளில் இரைச்சல், வழக்குச் சுருக்கமும் ரொம்பவே சுருக்கம், பின்னணியை வேறெங்காவது படித்துவிட்டுத்தான் வர வேண்டும். எனக்கு உண்மையான ஏமாற்றம் 1952-தான். கொரியப் போர் நேரத்தில் வேலைநிறுத்தம் வருகிறதென்று டிரூமன் எஃகு ஆலைகளை அரசு வசம் எடுக்க, அந்த அதிகாரம் உனக்கில்லை என்று 6-3-ல் நீதிமன்றம் சொன்ன வழக்கு. பக்கம் இருக்கிறது, வாதத்தின் ஒலி கிடையாது. பதிவு தொடங்க இன்னும் மூன்று வருஷம் இருந்ததே, யாரை நோவது!

ஐந்துக்கு நாலரை. அந்த அரையை எதற்குக் குறைத்தேன் என்றால் தளத்தின் மேல் தப்பே இல்லை, என் பேராசைதான்: ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று 2018 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன சம்பந்தன் வழக்கை இதே மாதிரி, யார் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும் எனக்கு.