சேலத்து வெயிலில் எந்த சிபியு? 7600, 7800எக்ஸ்3டி, 14600கே நேருக்கு நேர்

வெளிநாட்டு விமர்சனங்களில் சிபியுவை (கணினியின் புராசஸர்) கேமில் சோதிப்பது பெரும்பாலும் ஏசி போட்ட 21, 22 டிகிரி அறையில், ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி உச்ச ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்) மாட்டி, 1080பி ரெசல்யூஷனில். ஜிபியு தடையாக நிற்காமல், சிபியுக்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே வர அதுதான் சரியான முறை. ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அஸ்தம்பட்டியில் மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையில் 4060 கார்டோடு விளையாடப்போகிறவர் சிபியு வாங்கினால் காசு தப்பான இடத்தில் போய் உட்காரும்.

ஏஎம்டி-யின் ரைசன் 5 7600-க்கு 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், 88 வாட் வரை இழுக்கும். ரைசன் 7 7800எக்ஸ்3டி 8 கோர், 16 த்ரெட், 96 எம்பி எல்3. இன்டெலின் கோர் ஐ5 14600கே-யில் 6 பி-கோரும் (வேகமானவை) 8 இ-கோரும் (சிக்கனமானவை) சேர்த்து 20 த்ரெட், 24 எம்பி எல்3, 181 வாட் வரை. அதிகபட்சக் கிளாக் வேகம் 14600கே-க்கு 5.3 கிகாஹெர்ட்ஸ், 7600-க்கு 5.1, 7800எக்ஸ்3டி-க்கு 5.0. காகிதத்தில் கடைசியாக நிற்கிற அதுதான் கேமில் முதலில் நிற்கிறது.

காரணம் கேஷ். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியு ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையையும் மோதலையும் தேடி எடுக்க வேண்டும். அது எல்3-யில் இருந்தால் பத்துப் பதினைந்து நானோ செகண்டில் கைக்கு வரும். இல்லையென்றால் ராம் வரை போய்வர 70, 80 ஆகும், அதுவரை கோர் வெறுமனே காத்திருக்கும். பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் அங்கத்து நகரம், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ ஆகியவற்றில் எக்ஸ்3டி விலகி ஓடுவது இதனால்தான். ஃபேக்டோரியோவில் தொழிற்சாலை ரொம்பப் பெரிதாகி, 96 எம்பி-யிலும் அடங்காமல் போனால் அந்த முன்னிலை சுருங்கிவிடும். சைபர்பங்க் 2077 கோர்களையும் நன்றாகப் பயன்படுத்தும். அங்கே 14600கே 7600-ஐத் தாண்டும்.

வீட்டிலேயே சோதிக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது செட்டிங்கில். சிபியுவைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் 'லோ'-வுக்கு இறக்கிவிடுகிறார்கள். கூட்ட அடர்த்தி, பார்வைத் தூரம், ரே டிரேசிங் மூன்றும் சிபியுவின் வேலையையும் கூட்டுபவை. அவற்றை இறக்கினால் சோதனையே நீர்த்துப்போகும். இறக்க வேண்டியது ரெசல்யூஷனை மட்டும்: 1080பி, போதாவிட்டால் அதிலேயே டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி). ஜிபியு பயன்பாடு 97–99% காட்டினால் நீங்கள் அளப்பது ஜிபியுவைத்தான். சிபியு 35% என்று காட்டுவதை நம்பவும் வேண்டாம். ஒரே ஒரு த்ரெட் முட்டி நின்று மற்றவை சும்மா இருந்தாலும் மொத்தக் கணக்கு அப்படித்தான் வரும்.

சைபர்பங்கின் உள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் சிபியுவுக்கு அவ்வளவு கடினமில்லை. அந்த கேமின் டாக்டவுன் சந்தைக்குள் ஒரே சேவ், ஒரே பாதை, 60 செகண்ட் என்று வைத்துக்கொண்டு, ஃபிரேம் நேரம் அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளில் பதிவு செய்யுங்கள். முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள், அதில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் தடுக்கல்கள் கலந்திருக்கும். அடுத்து மூன்று ஓட்டம். மூன்றுக்குள் 3%-க்கு மேல் ஆட்டம் இருந்தால் பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டோ ஆர்ஜிபி மென்பொருளோ ஓடிக்கொண்டிருக்கும். சராசரியைவிட 1% லோ-வை, அதாவது மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தைப் பாருங்கள். சராசரி 120 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 120 ஃபிரேம்) என்றால் ஃபிரேமுக்கு 8.3 மில்லி செகண்ட். அதே ஓட்டத்தில் 1% லோ 50 என்றால் இடையிடையே 20 மில்லி செகண்ட் எடுத்த ஃபிரேம்கள் இருக்கின்றன. கண்ணில் குத்துவது அவைதான்.

ராம் விஷயத்தில் கடைகள் செய்கிற சிக்கனம் சிபியு வித்தியாசத்தையே தின்றுவிடும். டிடிஆர்5 ராம், எக்ஸ்போ (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் போர்டு செட்டிங்) போடாவிட்டால் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். 7600-க்கு 6000 வேகத்தில் சிஎல்30 (குறைந்த தாமதம்) ராம் ஜோடி கொடுத்தால் அது வேறு சிப் மாதிரி நடந்துகொள்ளும். எக்ஸ்3டி-க்குப் பெரிய கேஷ் இருப்பதால் மெதுவான ராமையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், நான்கு ஸ்டிக்கும் வேண்டாம். ஏஎம்5-இல் (இந்த ரைசன்கள் உட்காரும் சாக்கெட்) நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே.

இனி வெயில். மே மாதத்தில் சேலத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது ஏசி இல்லாத அறை 36, 37-இல் நிற்கும். விமர்சன அறையைவிட 15 டிகிரி அதிகம், அது அப்படியே சிப்பின் வெப்பத்தில் ஏறும். 7800எக்ஸ்3டி-யின் எல்லை 89 டிகிரிதான், கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் கேமில் அது பெரும்பாலும் 50–80 வாட்டுக்குள் முடித்துக்கொள்வதால், நல்ல 120 மிமீ ஒற்றை டவர் கூலரே போதும். 7600-க்குப் பெட்டியில் வரும் சின்ன கூலர் கேமை ஓட்டிவிடும், சத்தம்தான் தாங்காது. 14600கே கேமில் அடக்கமாக இருந்தாலும் ஷேடர் கம்பைல் ஆகும்போது எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் இறங்கி வேலை செய்யும். சிறிய கூலர் என்றால் அந்தச் சில நிமிடங்களில் 100 டிகிரியை முட்டிக் கிளாக்கை இறக்கும். இரட்டை டவரோ 240 மிமீ லிக்விட் கூலரோ தேவை, அந்தச் செலவையும் சிபியு விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் சோதித்தால் படம் மாறும், நினைக்கிற அளவுக்கு அல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15% குறைவு, அதே ஆர்பிஎம்மில் ஃபேன் தள்ளும் காற்றின் எடையும் குறையும். அறை 12 டிகிரி குளிர்ந்திருந்தாலும் அதில் நாலைந்து டிகிரி இப்படிப் போய்விடும். ஆகவே மலையில் எடுத்த எண்ணையும் கீழே எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அறை வெப்பத்தையும் எண்ணோடு எழுதி வையுங்கள்.

14600கே-யில் இன்னொரு விஷயம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் வோல்டேஜ் கோளாறால் சிப் தேய்ந்துபோகும் சிக்கல் இருந்தது. ஷேடர் கம்பைலில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பொய்யாகப் பிழை காட்டி கேம் விழுவது அதன் அடையாளம். 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோடோ (சிப்பின் உள் நிரல்) அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போடாமல் ஓட்டக்கூடாது. பழைய சிப் கைமாறி வாங்குவதை இந்த ஒரு மாடலில் தவிர்ப்பேன். ஆனாலும் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் பார்க்கிறவருக்கு இதுதான் என் தேர்வு. கேமராவில் வரும் 10-பிட் 4:2:2 எச்.265 கோப்பை அதன் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி நேரடியாகப் படிக்கும், மற்ற இரண்டாலும் முடியாது. 14600 'கேஎஃப்' வாங்கினால் அதுவும் போச்சு, அதில் உள் கிராபிக்ஸ் இல்லை.

4060 வகைக் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 7600 வாங்கி, மிச்சத்தை ஜிபியுவில் போடுங்கள். 240 ஹெர்ட்ஸில் கவுன்டர்-ஸ்டிரைக் 2, இல்லை சிமுலேட்டர் பைத்தியம் என்றால் 7800எக்ஸ்3டி. 9800எக்ஸ்3டி அதைவிட வேகம், அந்த விலைக்கு ஏற்ற ஜிபியு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். 7600-இலிருந்து அதே போர்டில் பிறகு எக்ஸ்3டி-க்கு ஏறலாம், 14600கே-யின் சாக்கெட்டுக்கு அந்த வழி இல்லை.

ஏஎம்5 போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ராம் டிரெய்னிங் (போர்டு ராமைச் சோதித்துச் சரிசெய்வது) நடக்கும், திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். செத்துப்போச்சு என்று பட்டனை அமுக்காதீர்கள். கரண்ட் போய்வரும் நேரமென்றால் யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். கடையிலேயே, "அண்ணா, எக்ஸ்போ ஆன் பண்ணி எஸ்ஓசி வோல்டேஜ் காட்டுங்க" என்று கேளுங்கள். அது சிப்புக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் வோல்டேஜ், எக்ஸ்3டி சிப் என்றால் 1.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பயாஸ் பழசு, புதியது ஏற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.